மேட்டில் வைத்த புள்ளி

கரட்டுப்புதூர்
யுவ வருஷம் கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

மயிலாத்தாள் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பயத்தினால்தான். பருத்திக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த அறையில் அப்பா தூக்கத்தில் இருமுகிறார். இருமல் கேட்கிறவரை எழுதலாம். நின்றுவிட்டால் விழித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய பார்சலை அப்பா பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் மேலே இருந்த உங்கள் விலாசத்தைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டேன். உள்ளே தாவணிதான் இருந்திருக்கும் என்று ரங்கம்மாள் அடித்துச் சொல்கிறாள். அவள் என் வகுப்புப் பெண். அவளுடைய அப்பா சுந்தரராஜுலு நாயுடு காங்கயத்தில் பருத்தி மண்டி வைத்திருக்கிறார். நீங்கள் பதில் எழுதினால் அவள் பெயருக்குத்தான் எழுத வேண்டும். "எழுத்துப் படிச்சவன் ஒருத்தன் போனது போதும்" என்று அப்பா அடிக்கடி சொல்லுகிறார். எனக்குக் கடிதம் வருவது தெரிந்தால் மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாசி மாதம் நீங்கள் மேட்டுக்கு வந்திருந்தீர்கள். பாப்பாயி பார்த்திருக்கிறாள். "ஒரு தொரை வந்து சுத்தியல்ல கல்லத் தட்டித் தட்டிப் பாத்தாருங்க அம்மணி. கூட ஒருத்தரு, தொப்பி வெச்சிருந்தாரு. தொப்பிக்குக் கீழ பாத்தா நம்ம பெரிய ஊட்டு மூக்குங்க" என்றாள். மேட்டில் நின்றால் நம் வீட்டுக் கூரை தெரியும். அன்று நான் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

பாப்பாயி யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் போன மறு வருஷம் அப்பா மாடு மேய்கிற நம் கொரங்காட்டில் கிணறு வெட்டினார். வெட்டியவர் கந்தப்பன். பாறைக்கு வெடிமருந்து கெட்டித்துத் திரி கொளுத்தியதில் ஒன்று வெடிக்கவில்லை. கந்தப்பன் பார்க்க இறங்கியபோது அது வெடித்துவிட்டது. பாப்பாயி அவருடைய மனைவி. மேடு புறம்போக்குத்தானே, அங்கே ஒரு குடிசை போட்டுக்கொள் என்று அப்பா சொன்னார். அம்மா இல்லாத வீட்டில் நான் பெரியவளானபோது, வாசலுக்கு வெளியே நின்றபடியே எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவள் அவள்தான்.

இப்போது கோயமுத்தூரிலிருந்து லட்சுமணசாமி என்று ஒருவர் மோட்டாரில் வந்து மேட்டைச் சுற்றி முளை அடித்துச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போயிருக்கிறார். தலையாரி சுப்பையன் சொல்லுகிறார், சர்க்கார் நிலப்படத்தில் அங்கே புள்ளி வைத்திருக்கிறார்களாம். அடியில் பச்சைக்கல் இருக்கிறதாம். தோண்டுவதற்கு இவர் லைசென்ஸ் வாங்கிவிட்டாராம். பொங்கல் கழிந்ததும் குடிசையைப் பிரித்துவிட வேண்டுமாம்.

"கல்லு வேணும்னா எடுத்துட்டுப் போகட்டுமுங்க. நானா புடிச்சுட்டு இருக்கறேன்? ஊட்ட எதுக்குங்க பிரிக்கோணும்?" என்று பாப்பாயி கேட்டாள். சுப்பையன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டார். அவளும் கொடுத்தாள்.

படம் போடும் இடத்தில்தானே நீங்கள் வேலை பார்க்கிறீர்கள். அந்தப் புள்ளியை அழித்துவிடச் சொல்ல முடியாதா?

இருமல் நின்றுவிட்டது.

மயிலாத்தாள்


கல் சர்வே முகாம், பவானி
9-12-1935

கண்ணு மயிலு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இது. ஆளில்லாத நேரமாகப் பார்த்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன்.

உன்னைப் பார்த்தேன். முற்றத்தில் மிளகாய்ச் சிவப்பு தெரிந்தது, அதன் நடுவே நீ குனிந்திருந்தாய். கூப்பிட வாய் வரவில்லை. அம்மா தவறியபோது நான் மலைமேல் முகாமில் இருந்தேன். தந்தி கீழேயே கிடந்துவிட்டது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது சிதை எரிந்து அடங்கியிருந்தது. பெற்ற மகன் இருக்கப் பங்காளி வீட்டு அங்கப்பன் கொள்ளி வைத்தான். "அந்தக் கொள்ளிய வெக்காத கையில இந்தக் கதவத் தொடாத" என்று அப்பா சொன்னார். நீ அப்போது கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாய். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கையை ஆட்டுவேன்?

புள்ளியைப் பற்றிக் கேட்டாய். அதை அழிக்க முடியாது. அது எப்படி வந்தது என்று சொல்லுகிறேன். நம் சீமையில் பாறையெல்லாம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. மேலே நடக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் ஊர் ஊராகப் போய், வெட்டிய கிணறுகளையும் வெளியே கொட்டிய கல்லையும் பார்ப்போம். அதை வைத்து எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படத்தில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வர்ணம் தீட்டுவோம். வர்ணம் தீட்டுவது என் வேலை. அச்சாவதற்கு முன்பே அந்தப் படத்தின் கைப்பிரதி ஒன்று கலெக்டர் கச்சேரிக்கும் போகும். அதைப் பார்த்துத்தான் சுரங்க லைசென்ஸ் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

மேட்டில் ஒரு கற்குவியல் இருந்தது. அதில் ஒரு கல்லைப் புரட்டினேன். உள்ளே கடல் நிறத்தில், ஆறு பட்டையாகச் சீவிய பென்சில் போல ஒன்று நின்றது. துரையிடம் கொடுத்தேன். பார்த்த துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். "இது எங்கே வெட்டியது?" என்று கேட்டார். பக்கத்தில் பழைய பள்ளம் ஒன்று இருக்கிறதே, சிறு வயதில் நான் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறேன். அதிலிருந்து வெட்டிப் போட்டதுதான் என்று சொன்னேன். உள்ளூர்க்காரன் உடன் இருப்பது எவ்வளவு நல்லது என்று துரை சிரித்தார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

புறம்போக்கில் குடியிருக்கிறவளுக்குப் பட்டா கிடையாது, கண்ணு. சட்டம் அவள் பக்கம் இல்லை. அந்த அம்மாளுக்காக வருத்தப்படுகிறேன். உனக்கு நன்றாகப் படிப்பு வர வேண்டும்.

உன் அண்ணன்,
திருமூர்த்தி

தாவணி என்று ரங்கம்மாள் சொன்னது சரி. கிளிப்பச்சை. என் பெட்டியில் இருக்கிறது.


கரட்டுப்புதூர்
யுவ வருஷம் மார்கழி மாதம், ஏகாதசிக்கு முந்தின நாள்

அண்ணா,

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடுங்கள். அடுப்பில் போட்டால் இன்னும் நல்லது.

உங்கள் கடிதத்தை ரங்கம்மாள் மண்டியில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். "என்ன, அண்ணன் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்று கேலி செய்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணா, அந்தக் கல் மேட்டில் வெட்டியது இல்லை. நம் கிணற்றுக் கல்.

கிணற்றில் வெட்டி எடுக்கும் கல்லை நம் பக்கத்தில் யாரும் வீணாக்க மாட்டார்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வைப்பார்கள், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையின் சரிவுக்குப் போடுவார்கள். இது உங்களுக்கும் தெரியும். ஆனால் மனிதன் ரத்தம் பட்ட கல் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஊர் எல்லையைத் தாண்டிக் கொட்ட வேண்டுமாம். வேறு யாரும் அந்தக் கல்லுக்கு வண்டி தர மாட்டேன் என்றார்கள். அப்பா நம் மாடுகளைப் பூட்டித் தாமே ஓட்டினார். நான் படலைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். மேட்டில் கொட்டிவிட்டு வருவார், மறுபடி ஏற்றுவார். அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. உங்களுக்குத் தெரியாமல் போனது நீங்கள் ஊரில் இல்லாததனால்தான்.

பாப்பாயி குடிசையை அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே போட்டாள். அப்பா வேண்டாம் என்றார். "அவுரு ரத்தம் பட்ட கல்லுங்க. இதும் பக்கத்துலயே இருந்துக்கறனுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஒரு அகல் வைப்பாள். அந்தக் குவியலில்தான் நீங்கள் கல்லை எடுத்திருக்கிறீர்கள். மேட்டுக்கு அடியில் ஒன்றும் இருக்காது, அண்ணா. அவளை வீணாகத்தான் துரத்துகிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் கணக்குப்பிள்ளை அய்யாவிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன்: "பட்டா நெலத்துக்கு அடியில கல்லு இருந்தா யாருதுங்க?"

"மேல மண்ணு உங்களுது அம்மணி, கீழ கல்லு சர்க்காருது. ஏன், உங்க தோட்டத்துல எதாச்சு மொளச்சிருக்குதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தோட்டம், மாடு அடைக்கிற தொண்டுப்பட்டி, நம் சோறு எல்லாம் அந்த ஒரு கிணற்றுத் தண்ணீரில்தான் நிற்கிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். கல் மேட்டுடையது இல்லை என்று மட்டும் துரையிடம் சொல்லுங்கள். யாருடைய கல் என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்ல முடியும்தானே? நீங்கள் படித்தவர், உங்களுக்கு வழி தெரியும்.

மயிலாத்தாள்


முகாம், பவானி
8-1-1936

மயிலு,

கிழித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வரியும் மனத்தில் நிற்கிறது.

நீ கேட்ட வழி இல்லை. 'இங்கே வெட்டியது இல்லை' என்று நான் சொன்னால், வாயை மூடுவதற்கு முன்பே 'பின் எங்கே?' என்று துரை கேட்பார். அவருக்கு வேலையே அந்தக் கேள்விதான். பதில் சொன்னால் புள்ளி நகர்ந்து நம் கிணற்றின்மேல் வந்து உட்காரும். லட்சுமணசாமியின் முளைகள் நம் தோட்டத்துக்கு வரும். கிணற்றுக்குப் பக்கத்திலேயே வெடி வைத்துத் தோண்டினால் ஊற்று எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லாமல் நின்றாலோ, உள்ளூர்க்காரன் என்று நம்பியதற்கு என்னை வெளியே அனுப்புவார். வேலை போனால் எனக்குத் திரும்பிப் போக வீடு இல்லை என்பது உனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு என்னால் ஒரு கெடுதல் ஏற்கெனவே நடந்துவிட்டது. இரண்டாவதையும் நானே கொண்டுவந்து வைக்கட்டுமா? அவர் வாசலில் கால் வைக்க உரிமை இல்லாதவன், அவர் கிணற்றில் கை வைக்கலாமா?

சும்மா இரு, கண்ணு. நீ யாரிடமும் பேசாதே. கணக்குப்பிள்ளையிடம் இனி எதுவும் கேட்காதே. அந்த அம்மாளுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். குடிசையை வேறு எங்காவது போட்டுக்கொள்ளலாம், கிணற்றை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்க முடியாது.

எழுதிப் படித்துப் பார்க்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தபாலில் போட மனம் வராமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

திருமூர்த்தி


கரட்டுப்புதூர்
யுவ வருஷம் தை மாதம், பூசம் கழிந்து

அண்ணாவுக்கு,

பாப்பாயி போய்விட்டாள். கொடுமுடியில் அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கல்லால்தான் புள்ளி வந்தது என்று அவளுக்குப் புரிந்திருக்காது என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு முட்டாள்கள்! குவியல் யாருடையது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பொங்கலுக்கு மறுநாள் மேட்டுக்குப் போய் அவளிடமே கேட்டேன்.

"ஏம் பாப்பாயி, இது எங்க கெணத்துக் கல்லுன்னு நீயே சொல்லிப்போட வேண்டியதுதான?"

ஆட்டுக்குக் கிளுவைத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. "சொன்னா?" என்றாள்.

"உன்ற ஊட்டப் பிரிக்க மாட்டாங்க."

"உங்க கெணத்தப் பிரிப்பாங்க அம்மணி. அவுரு உசுரக் குடுத்து எடுத்த தண்ணிங்க அது. கவல எறைக்கற சத்தம் கேக்கறப்பெல்லாம் அவுரு வேல முடிஞ்சு மேல வாராப்பல இருக்கும் எனக்கு. அதப் போயி நானே ஒடைக்கச் சொல்லுவனா?"

எனக்கு அழுகை வந்தது. "அழுகாதீங்க. கண்ணு வீங்கிப்போச்சுன்னா உங்கப்பாரு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க, பூகோளப் பாடம் வரலீன்னா?" என்றாள். அவளாகவே சிரித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கும் தெரியும், அண்ணா. மேட்டில் முளை அடித்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போவதில்லை. மாட்டை மேய்க்கச் சுற்று வழியில் ஓட்டிப் போகிறார். பாப்பாயி பெயரை நான் சொன்னால் எழுந்து போய்விடுகிறார்.

குடிசை பிரித்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மேட்டுக்குப் போனேன். லட்சுமணசாமி குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கெட்டவர்போலத் தெரியவில்லை. பாப்பாயியின் பானைகளை உடையாமல் எடுத்து வைக்கச் சொல்லி ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "இந்தக் கல்லு இங்க வெட்டுனது இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா பாப்பா? சர்க்காரு படத்துல இருக்குதே? தொரை வந்து நின்னு பாத்துப் போட்ட படமல்லோ?" என்றார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "சரி, இங்க இல்லீன்னா எங்க வெட்டுனது?" என்று கேட்டார்.

நீங்கள் எழுதியிருந்த அதே கேள்வி. மேட்டிலிருந்து நம் கூரை தெரிந்தது. பக்கத்தில் அப்பா கவலை ஓட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று அவரும் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பாப்பாயிதான் வந்து என் தோளைப் பிடித்தாள். எப்போதும் தொடாதவள், அன்று எல்லோர் முன்னாலும் தொட்டாள். "கொழந்தைங்க. என்ற மேல இருக்கற பாசத்துல என்னமோ சொல்லுதுங்க. இது இங்க வெட்டுன கல்லுத்தானுங்க, நாம் பாத்திருக்கறேன்" என்றாள்.

அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், அண்ணா. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போகும்போது கந்தப்பனின் கடப்பாறையைத் தோளில் எடுத்துக்கொண்டாள். பெண்பிள்ளைக்கு அது பெரிய பாரம். சட்டி பானையை வழியில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள், அதை மட்டும் கொடுக்கவில்லை. "போயிட்டு வாரனுங்க அம்மணி. நல்லாப் படியுங்க" என்றாள். அகல் வைக்கிற இடத்தில் கூலியாட்கள் சோற்றுத் தூக்குப்போசியை வைத்திருந்தார்கள்.

இனி நான் எழுதவில்லை. எழுதி என்ன ஆகிறது?

மயிலாத்தாள்


கோயமுத்தூர்
14-4-1936

கண்ணு,

தை மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ரங்கம்மாள் பெயருக்கு எழுதிய இரண்டு கார்டுகள் உனக்குக் கிடைத்தனவா என்று தெரியவில்லை. இதையும் எழுதிப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போனேன். மேஜைமேல் நம் பக்கத்துப் படம் விரித்திருந்தது. நான் தீட்டிய வர்ணம் நன்றாகவே வந்திருந்தது. நொய்யல் நீலமாக ஓடுகிறது. சிவன்மலைக்கு மண்ணிறம். நம் ஊருக்குப் பக்கத்தில், ஊசி முனையால் வைத்தது போல அந்தச் சிவப்புப் புள்ளி. "கரட்டுப்புதூர்க் குவியலைப் பற்றி எனக்குச் சந்தேகம்" என்று தொடங்கினேன். "எங்கே வெட்டியதென்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பென்சிலைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டார், திருத்துவதற்குத்தான்.

நீ வாயடைத்து நின்றதை எழுதியிருந்தாய். நானும் அப்படியே நின்றேன். உனக்குத் துணைக்கு வர ஒரு பாப்பாயி இருந்தாள். எனக்கு யாரும் வரவில்லை. துரை பென்சிலைக் கீழே வைத்தார்.

படத்தை அச்சுக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். துரை விடுப்பில் கப்பலேறிவிட்டார், ஐப்பசியில்தான் திரும்புகிறார். அதுவரை அச்சு முடியாது என்று சொல்லுகிறார்கள். நான் இங்கே ஆபீசில் பழைய படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பெயர் எழுதும்போதெல்லாம், இங்கே யார் வீடு இருந்தது, எந்தக் கல்லை யார் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கை நின்றுவிடுகிறது. மேலே இருப்பவர் வைகிறார்.

மேட்டில் ஏதாவது கிடைத்ததா? பாப்பாயியைப் பற்றித் தகவல் உண்டா? ஒரு வரி எழுது. கோபமாக எழுதினாலும் சரி.

உன் அண்ணன்


கரட்டுப்புதூர்
தாது வருஷம் ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பகலில், முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று சொல்லுகிறேன்.

மேட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. குவியலில் இருந்த கல்லையெல்லாம் உடைத்துப் பார்த்து இரண்டு மூன்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கீழே வெட்ட வெட்ட வெறும் கரும்பாறைதான் வந்தது. குடிசை இருந்த இடத்தில் பெரிய பள்ளம். ஆனி மாதம் ஆட்கள் போய்விட்டார்கள். மழைத் தண்ணீர் நிற்கிறது. படத்தில் சற்றுத் தள்ளிப் புள்ளி வைத்திருப்பார்கள் என்று லட்சுமணசாமி அடுத்த மேய்ச்சல் காட்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். அங்கே இரண்டு குடும்பம் ஆடு மேய்க்கிறது.

ஆடிப் பெருக்குக்குக் காவேரியில் முழுகிவிட்டு வருகிறேன் என்று அப்பா வண்டி பூட்டிக்கொண்டு கொடுமுடிக்குப் போனார். ஒரு வருஷமும் போகாதவர். வண்டியில் புது வைக்கோல் பரப்பிக்கொண்டு போனார். பாப்பாயியைத் திரும்பக் கூட்டிவரத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நம் தோட்டத்து வேலி ஓரத்தில் ஒரு குடிசைக்கு இடம் சுத்தம் பண்ணி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். நான் அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவைத்தேன்.

திரும்பி வந்தபோது வண்டியில் வைக்கோல் கலையவில்லை. அதன்மேல் கடப்பாறை கிடந்தது.

வைகாசியிலேயே காய்ச்சல் கண்டு பாப்பாயி போய்ச் சேர்ந்துவிட்டாளாம். "இது பெரிய ஊட்டுக் கெணத்து வேலைக்கு வாங்குன கடப்பாறை, அவங்க கிட்டக் குடுத்துரு" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவனுக்கு இந்தப் பக்கம் வர வேலை ஒழியவில்லை.

அப்பா அதை இறக்கிக் கிணற்று ஓரத்தில் சாத்தினார். அன்றிலிருந்து கவலை பூட்டவில்லை. மிளகாய்ச் செடி வாடிக்கொண்டு வருகிறது. குடிக்கத் தண்ணீர் சேந்துவதற்கு மட்டும் என்னை அனுப்புகிறார்.

இன்று காலை என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணனுக்கு என்ன எழுதற?" என்றார்.

"ஒண்ணும் எழுதறதில்லீங்கப்பா" என்றேன்.

"வெளக்கெண்ணெ கொறையறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? இருமி இருமித் தொண்ட நோகுது. ஒருத்தன் எத்தன நாளைக்குத்தான் தூங்கறாப்பல இருமறது?" என்றார். பிறகு, "பேனாவ எடு. நாஞ் சொல்றத எழுது. நல்ல பாஷையில மாத்தி எழுதிப்போடாத" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"திருமூர்த்திக்கு. நீ எடுத்த கல்லு நம்ம கெணத்துக் கல்லு. நாந்தான் வண்டியில கொண்டுபோயிக் கொட்டுனேன். மொள அடிச்சன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல. அவளும் சொல்லல. அவ சொல்லாம இருந்தது எனக்காக, நாஞ் சொல்லாம இருந்ததும் எனக்காகத்தான். அந்தப் புள்ளிய அங்கிருந்து எடு. அவ ஊடு இருந்த எடம் அது. கந்தப்பன் செத்த எடத்துல வெய்யி. கெணறு போனாப் போகட்டும். மழைய நம்பி வெதச்சுக்கறேன்."

இதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். அடியில் பெயர் போடக் கேட்டேன், வேண்டாம் என்றார். உங்களை வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். உட்கார்ந்தபடியே மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொரைக்குக் கெணத்தக் காட்டறதுக்கு ஆளு வேணுமல்ல? வந்துதான காட்டோணும்" என்றார். எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல், "கதவு தெறந்துதான் கெடக்கும்னு எழுது" என்றார்.

துரை ஐப்பசியில் வருவார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அதற்கு முன்னாலேயே வாருங்கள். தாவணியையும் கொண்டுவாருங்கள். கடப்பாறை சாத்தியிருக்கும் இடத்தில் வெள்ளிக்கிழமைகளில் நான் ஒரு அகல் வைக்கிறேன். அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

மேட்டு வழி குறுக்கு என்று அந்தப் பக்கமாக வந்துவிடாதீர்கள், அண்ணா. பள்ளத்தை யாரும் மூடவில்லை. வண்டிப்பாதையிலேயே வாருங்கள்.

தங்கை,
மயிலாத்தாள்